அப்பாவின் இடது கண்

நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்கு முதலில் தெரிவது கடைகளல்ல, முகங்கள். கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாள் நினைவஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து, பரீட்சையில் 9 ஏ எடுத்த பிள்ளைக்கு ரியூசன் நிலையத்தின் வாழ்த்து என்று மின்கம்பம் தவறாமல் பதாகைகள். எல்லா முகங்களும் ஒரே வெள்ளை, ஒரே வழுவழுப்பு. எண்பது வயதில் காலமானவரின் நெற்றியில் ஒரு சுருக்கம் இருக்காது. வல்லை வெளிக்கு அப்பால் அதிகம் போயிராத ஓர் ஆச்சிக்குப் பின்னால் பனிமலை நிற்கும். பக்கத்தில் இரண்டு புறா.

இதையெல்லாம் செய்வது மேசைக் கணினியில் இருக்கிற படத்திருத்த மென்பொருள்தான். கைபேசியில் விரலால் தடவி முகத்தை வெள்ளையாக்குவதைப் பற்றி நான் எழுதவில்லை. மவுஸைப் பிடித்துக்கொண்டு, படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி, ஒரு புள்ளியாக உட்கார்ந்து திருத்துகிற வேலையைப் பற்றி எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைத்த மாதங்களில் அதைப் பழகினேன். என் தோழிகள் சிலர் அந்த மாதங்களில் கேக் பழகினார்கள், சிலர் தையல். இரண்டும் எனக்கு வராது.

எங்கள் குடும்பம் இரண்டு இடத்தில் வாழ்கிற குடும்பம். தவணைக் காலத்தில் நான் புத்தளத்தில் உம்மம்மாவோடு. விடுமுறையில் நெல்லியடியில் வாப்பாவோடு, அவரது பிளாஸ்ரிக், அலுமினியச் சாமான் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில். உம்மா பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில். வடக்கிலிருந்து போய், திரும்பி வந்தும் வராமலும் இருக்கிற பல முஸ்லிம் குடும்பங்களின் கதை இதுதான் என்பதால் இதை விளக்கத் தேவையில்லை. கடைக் கணக்குக்காக வாப்பா வாங்கிய பாவித்த டெஸ்க்டொப் ஒன்று அங்கே இருக்கிறது. நினைவகம் நான்கு கிகாபைட். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. அதில்தான் என் படிப்பு.

படத்திருத்தம் என்றவுடன் எல்லோரும் சொல்லும் பெயர் போட்டோஷொப். ‘போட்டோஷொப் பண்ணினது’ என்றால் பொய்ப்படம் என்ற பொருளே வந்துவிட்டது. அதை எழுதத் தொடங்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தோமஸ் நோல். 1987இல் அவரிடம் இருந்த மக்கின்டொஷ் கணினியின் திரைக்கு கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும், சாம்பல் நிறம் தெரியாது. அதைக் காட்டச் செய்வதற்கு ஒரு சிறு நிரல் எழுதினார். சினிமாத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி ஜோன் அதைக் கண்டு, இது வளரக்கூடிய சாமான் என்று பிடித்துக்கொண்டார். இவர்களின் தகப்பனாருக்குப் படம் கழுவுகிற இருட்டறை ஒன்று வீட்டிலேயே இருந்ததாம். அதனால்தான் போட்டோஷொப்பில் ஓர் இடத்தை வெளிறச் செய்யவும் கருமையாக்கவும் இருக்கிற கருவிகளுக்கு இருட்டறைக்காரர்களின் பழைய பெயர்களே இருக்கின்றன. எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் அண்ணை இதைக் கேட்டுவிட்டு, தன் காலத்துக்கு முந்தியவர்கள் நெகட்டிவ்வில் கூர்ப் பென்சிலால் முகத்தைத் திருத்தியதைச் சொன்னார். ஆக, ஆச்சிமாரின் சுருக்கத்தை அழிக்கிற பழக்கம் கணினியோடு வந்ததல்ல.

போட்டோஷொப்பின் முதலாம் பதிப்பை அடோபி நிறுவனம் வெளியிட்டது 1990 பெப்ரவரியில். அந்த ஆண்டைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது ஒக்டோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட நாள். ஒரு கரையில், பழுதான படத்தைத் திருத்துகிற கருவி பிறந்து எட்டு மாதம். மறுகரையில் எங்கள் சனத்தின் அல்பங்கள் எல்லாம் அலுமாரிகளுக்குள் விடப்பட்டன. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் நான் திருத்தப் பழகிய முதல் படம் அந்த நாளில் பழுதான படம்தான்.

அந்தப் படத்தில் இருப்பவர் என் அப்பா. இங்கே ஒரு விளக்கம் வேண்டும். நெல்லியடியில் என் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் தகப்பன். எங்களுக்கு அப்பா என்றால் உம்மாவின் வாப்பா. ‘அப்பா மௌத்தாகி நான் காணவே இல்லை’ என்று நான் ஒருமுறை சொல்லப்போய், கடையில் நின்ற என் வாப்பாவை எட்டிப் பார்த்துத் திகைத்துப் போனாள் பக்கத்து வீட்டுத் தோழி.

அப்பா தையல்காரர். சோனகதெருவில் வீடு, நெல்லியடியில் வேலை. தினமும் காலையில் பருத்தித்துறை பஸ் ஏறி இங்கே ஒரு தையல் கடைக்கு வருவாராம். கடை அவருடையதல்ல, இந்த ஊர்க்காரர் ஒருவருடையது. வாப்பா பின்னாளில் கடை போட நெல்லியடியைத் தெரிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். படத்தில் அப்பாவும் கடை முதலாளியும் வாசலில் நிற்கிறார்கள். முதலாளியின் கை அப்பாவின் தோளில். கறுப்பு வெள்ளைப் படம், பின்பக்கத்தில் பேனாவால் 1979.

ஒக்டோபர் 30 அன்று ஒருவருக்கு நூற்றைம்பது ரூபாவும் ஒரு மாற்றுடுப்பும் என்றுதான் சொல்லப்பட்டதாம் என்று உம்மம்மா சொல்வார். அவர் அல்பத்திலிருந்து இந்த ஒரு படத்தைக் கழற்றி நாலாக மடித்து, எட்டு வயதாக இருந்த உம்மாவின் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார். ஏன் கலியாணப் படத்தை எடுக்கவில்லை என்று கேட்டேன். “அது பெருசு, மகள். பைக்குள்ள போகாது” என்றார். சரித்திரத்தில் எது எஞ்சும் என்பதைச் சட்டைப் பையின் அளவும் தீர்மானிக்கிறது.

மடித்த கோடுகள் படத்தில் சிலுவைக் குறிபோல் வெடித்து, மேற்பூச்சு உதிர்ந்துவிட்டது. நெடுக்குக் கோடு இரண்டு பேருக்கும் நடுவே போயிருந்தால் நல்லது. அது அப்பாவின் முகத்தின் இடது பக்கத்தால் போகிறது. இடது கண் இருந்த இடத்தில் வெள்ளைக் கடதாசிதான் தெரியும். போதாததற்கு, பாதுகாப்பு என்று நினைத்துப் பின்னர் புத்தளத்தில் யாரோ அதை லமினேற் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். சூட்டில் பிளாஸ்ரிக்கும் படமும் ஒட்டிப் பிடித்து ஓரங்களில் கொப்புளம். “தங்கச்சி, லமினேற்றை உரிக்க வெளிக்கிட்டா படமும் சேர்ந்து உரியும். அப்பிடியே ஸ்கேன் பண்ணுவம்” என்றார் ஸ்ரூடியோ அண்ணை. வீட்டில் பழைய படம் இருக்கும் பெற்றோர்களுக்கு இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன்: லமினேற் செய்யாதீர்கள். ஒரு கடித உறைக்குள் போட்டு, ஈரம் படாத இடத்தில் வைத்தாலே போதும்.

அண்ணையின் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து எடுத்தோம். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 2100க்கு 3000 புள்ளியாக வந்தது. அதாவது அறுபத்து மூன்று இலட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து 255 வரை ஓர் எண். பூச்சியம் கறுப்பு, 255 வெள்ளை. கணினியைப் பொறுத்தவரை என் அப்பா அவ்வளவுதான், ஓர் எண் அட்டவணை. முதல்நாள் இதை நினைத்துக் கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது.

அண்ணையிடம் இருப்பது போட்டோஷொப். 2013 முதல் அந்த நிறுவனம் புதிய பதிப்புகளை விற்பதை நிறுத்தி மாத வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. வாடகை டொலரில். “கடைக்கும் வாடகை, கொம்பியூட்டருக்குள்ள இருக்கிறதுக்கும் வாடகையோ?” என்று வாப்பா கேட்டார். நாட்டில் பல கடைகளில் ஓடுகிற பழைய பதிப்புகள் எப்படி வந்தன என்பதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு வாய்த்தது கிம்ப். அதைச் செய்தவர்களும் மாணவர்கள்தாம். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்ஸர் கிம்போல், பீற்றர் மத்திஸ் என்ற இருவர் 1995இல் தொடங்கி அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். விலையில்லை, எங்கள் பழைய கணினியிலும் முனகி முனகி ஓடும். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அவர்களுக்குப் பிறகு உலகெங்கும் உள்ள தொண்டர்கள்தாம் அதைக் கொண்டு நடத்துகிறார்கள். கிம்ப் கோப்புகளின் பெயருக்குப் பின்னால் வரும் எக்ஸ்.சி.எவ். என்ற மூன்றெழுத்து, அந்த இரண்டு மாணவர்களும் இருந்த கணினிக் கழகத்தின் பெயர்ச் சுருக்கம். முப்பது வருடங்களுக்குப் பிறகும் ஒரு மாணவர் கழகத்தின் பெயரை நெல்லியடியில் ஒரு பிள்ளை தினமும் தட்டெழுதுகிறாள்.

கிம்ப்பில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழ் யூனிகோட் எழுத்து அதில் நேராக நிற்கும். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் ஓர் அமைப்பை மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் எங்கள் பக்கத்து ஸ்ரூடியோக்களில் இன்னும் பாமினி எழுத்துருதான். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா காணாமல் போய்விடுவார்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

முதலில் வெளிச்ச அளவு. பழைய படம் மங்கும்போது கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மஞ்சளாகவும் வந்து, எல்லா எண்களும் நடுவில் கூடி நெருங்கி நிற்கும். கிம்ப்பில் அந்தக் கூட்டத்தை ஒரு மலைபோல் வரைந்து காட்டும். மலையின் இரண்டு அடிவாரத்துக்கும் இரண்டு முக்கோணங்களை இழுத்துவிட்டால் கூட்டம் விலகி, பூச்சியம் முதல் 255 வரை பரவும். நான் இழுத்தபோது அப்பாவுக்குப் பின்னால் இருட்டாக இருந்த கடை வாசலுக்குள் இருந்து ஒரு வட்டம் வெளிவந்தது. பிறகு அதைச் சுற்றி வேறு உருவங்கள். அந்த விடுமுறையில் எங்களோடு வந்திருந்த உம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். “அது மிசின்ர சில்லு. அவர்ர மிசின்.” நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் படத்தை வைத்திருந்தவர், அதற்குள் அந்தத் தையல் இயந்திரம் இருந்ததை அன்றுதான் கண்டார்.

அடுத்தது வெடிப்பு. இதற்கு இரண்டு கருவி. ஒன்று குளோன். படத்தின் நல்ல இடம் ஒன்றைத் தொட்டுக் காட்டி, அதை அப்படியே எடுத்துப் பழுதான இடத்தில் பூசுவது. மற்றது ஹீல். அது நல்ல இடத்தின் இழையமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தைப் பழுதின் சுற்றுப்புறத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும். உம்மம்மாவுக்கு இதை விளக்கியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. சேட்டில் நெருப்புப் பொட்டுப் பட்டுவிட்டால் அப்பா வெளித்துணியால் ஒட்டுப் போட மாட்டாராம். அதே சேட்டின் மடித்துத் தைத்த உட்புறத்திலிருந்து ஒரு துண்டு வெட்டித்தான் போடுவாராம், நிறம் சேரும் என்பதற்காக. “வெளியால துணி எடுத்தா ஒட்டு எண்டு தெரிஞ்சிடும்” என்றார். எத்தனையோ பயிற்சி வீடியோக்களில் கிடைக்காத பாடம். அன்றிலிருந்து சுவருக்குச் சுவரிலிருந்தே எடுத்தேன், வேட்டிக்கு வேட்டியிலிருந்து. மூன்று நாளில் குறுக்கு வெடிப்புப் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

மிஞ்சியது கண்.

எல்லோரும் சொல்கிற வழி, வலது கண்ணைப் பிரதி எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி இடது பக்கம் வைப்பது. வைத்தேன். பார்க்க மிக வடிவாக இருந்தது. உம்மம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஆள் வடிவாத்தான் இருக்கிறார். ஆனா இவர் அவரில்ல” என்றார். அப்பாவுக்கு இடது கண் கொஞ்சம் சின்னன். ஊசியில் நூல் கோக்கும்போது அந்தக் கண்ணை மூடி மூடி அப்படி ஆனதென்று அவர் சொல்லிச் சிரிப்பாராம். அந்தக் கண்ணுக்கு ஆதாரம் தேடினோம். அப்பாவின் அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி ஒன்று உம்மாவின் பைலில் இருந்தது. மை அப்பிய முகம். ஆனாலும் இடது இமை கீழிறங்கி நிற்பது தெரிந்தது. அதை வெட்டி ஒட்டினால் கறுப்பு அப்பியதுபோல் இருக்கும். எனவே பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, இமையின் கோட்டை நானே வரைந்தேன்.

வரைந்த பிறகுதான் எனக்கு ஒரு சங்கடம். சுவரை இட்டு நிரப்பியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சுவர் தொடர்ந்திருக்கும் என்று யாரும் சொல்லலாம். இந்தக் கண்ணை, நான் காணாத ஒருவரின் கண்ணை, நான் செய்தேன். நாளைக்கு என் பிள்ளைகள் இதைப் பார்த்து அப்பாவின் கண் என்று நினைப்பார்கள்.

இங்கேதான் அடுக்கு என்ற ஒன்று உதவியது. போட்டோஷொப்பில் அடுக்குகள் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் மூலப்படம் தொடப்படாமல் கிடக்கும். மேலே வைத்த தாளில் வரைவோம். வேண்டாவிட்டால் அந்தத் தாளை மட்டும் மறைக்கலாம். என் கோப்பில் மூன்று தாள். அடியில் உள்ளதற்கு ‘மூலம்’ என்று பெயர் வைத்தேன். சுவர், வேட்டி, வெடிப்பு எல்லாம் திருத்திய தாளுக்கு ‘ஒட்டு’. கண் மட்டும் தனியாக உள்ள மேல் தாளுக்கு ‘ஊகம்’.

இதற்கிடையில் கொழும்பிலிருக்கும் மாமா வட்ஸ்அப்பில் ஒரு கட்டளை அனுப்பினார். படத்தில் இருக்கும் மற்ற ஆளை எடுத்துவிட்டு வாப்பாவைத் தனியாக்கித் தா, குடும்ப குரூப்பில் போடவேண்டும், கலரும் பூசிவிடு என்று. மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஆள் யாரென்று அவருக்குத் தெரியாது, அவர் கைக்குழந்தையாக இருந்த காலத்துப் படம். நான் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலாளியின் கை அப்பாவின் தோளில் கிடக்கிறது. அவரை எடுத்தால் கையையும் எடுக்கவேண்டும். கையை எடுத்தால் அடியில் இருக்கிற தோளை நான் செய்யவேண்டும், சேட்டின் மடிப்பைச் செய்யவேண்டும். கை கிடக்கிற பாரத்தில் அப்பா ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறார், அந்தச் சாய்வுக்கு வேறு காரணம் செய்யவேண்டும். ஒரு மனிதரை எடுப்பது ஒரு மனிதரை எடுப்பதோடு முடிவதில்லை.

சோவியத் யூனியனில் ஸ்ராலினோடு மொஸ்கோ கால்வாய்க் கரையில் நடந்துபோகும் ஒருவரின் படம் இருக்கிறது. அவர் நிக்கொலாய் யெஷோவ், இரகசியப் பொலிஸின் தலைவர். 1940இல் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட பிறகு வெளிவந்த அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் இருக்கிறது. கணினி இல்லாத காலத்தில் தூரிகையால் செய்தது. மாமாவை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம்தான். ஆனால் எங்களையே ஊரிலிருந்து எடுத்துவிட்ட ஆண்டைக் கடந்து வந்த படம் அது. அதிலிருந்து நான் ஒருவரை எடுக்கமாட்டேன்.

உம்மம்மாவிடம் சொன்னபோது அவர் அரசியல் எதுவும் பேசவில்லை. “இவர் படம் எடுக்கேக்க சிரிக்கிற ஆளில்ல. அந்த முதலாளி பக்கத்தில நிண்டு ஏதோ சொன்னபடியாத்தான் சிரிச்சவர். அவரை எடுத்தா, இவர் ஆரைப் பாத்துச் சிரிக்கிறார்?” என்றார். அதை அப்படியே மாமாவுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். பதில் ஒரு பெருவிரல்.

மாமாவின் மகன் சும்மா இருக்கவில்லை. படத்தைக் கைபேசியில் ஒரு செயலிக்குக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் கலரோடு திருப்பி அனுப்பினான். மீசை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. கண் இரண்டும் சமமாக, பளபளவென்று. வேட்டி இளநீலம். கோடிக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய நிரல், இல்லாத இடத்தை அந்த முகங்களால் நிரப்புகிறது. அதற்கு ‘ஊகம்’ என்று தனித்தாள் இல்லை. எது இருந்தது, எது வைத்தது என்று பிறகு பிரிக்க முடியாது. உம்மம்மா பார்த்துவிட்டு, “இது ஆர்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. உம்மாதான் “சும்மா ஒரு படம்” என்றார்.

கடைசியில் இரண்டு பிரதி அச்சடித்தோம். கண் உள்ளது ஒன்று, ஊகத்தை மறைத்தது ஒன்று. எங்கள் வீட்டில் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை, அதனால் சட்டம் போடுகிற செலவும் இல்லை. கண் உள்ளதை உம்மம்மா தன் அலுமாரிக்குள் வைத்துக்கொண்டார். மற்றதை உம்மா கேட்டு எடுத்தார். அந்த வெள்ளைக் கோட்டை விரலால் தடவி, “இது என்ர சட்டைப் பைக்குள்ள வந்த கோடு” என்றார். பிரதி ஒன்றைச் சந்தையடிக்குக் கொண்டுபோய், அந்தத் தையல் கடை எந்த இடத்தில் இருந்ததென்று வாப்பா இரண்டு முதியவர்களிடம் கேட்டார். ஒருவர் சந்தைக்கு இந்தப் பக்கம் என்றார், மற்றவர் கொடிகாமம் றோட்டுப் பக்கம் என்றார். அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை என்று கேள்வி. முதலாளியின் குடும்பம் இப்போது வெளிநாட்டில் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

இதற்குப் பிறகு அயலில் கதை பரவி, பெண்கள் வரத் தொடங்கினார்கள். வீட்டுக்கே வந்து ஒரு பெண் பிள்ளையிடம் கொடுப்பது அவர்களுக்குச் சௌகரியம். தங்கள் படமோ மகளின் படமோ யார் யாருடைய கைக்குப் போகுமோ என்ற பயம் எங்கள் சமூகத்துக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. வாப்பா இரண்டு நிபந்தனை போட்டார். வருகிற படம் இணையத்துக்குப் போகக்கூடாது. வேலை முடிந்ததும் அவர்கள் முன்னாலேயே கோப்பை அழித்துக் காட்டவேண்டும். ஒருவர் மணற்காட்டிலிருந்து சுனாமியில் நனைந்த படம் கொண்டுவந்தார். உப்புநீர் பட்ட படத்தில் நிறம் வழிந்து முகம் வெறும் ஊதாக் கறை. பிள்ளையின் சட்டைப் பூவை மட்டும் காப்பாற்ற முடிந்தது. அதுவே போதும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

சென்ற விடுமுறையில் ஒரு அம்மா வந்தார். கையில் இரண்டு படம். ஒன்று போன மாதம் நடந்த மகளின் கலியாணப் படம், பெரிதாக, புதிதாக. மற்றது பாஸ்போட் அளவில் ஒரு பையன், பாடசாலைச் சேட்டோடு. மகளின் அண்ணன். 2009இல் காணாமல் போனவன், அப்போது பத்தொன்பது வயது. பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தித் தரவேண்டும்.

“கொஞ்சம் வயசாக்கி விடுவியோ, பிள்ளை? இப்ப முப்பத்தஞ்சு.”

உம்மம்மாவின் அலுமாரியில் இருக்கும் கண்ணை நினைத்தேன். அந்தக் கண்ணுக்கு இமைக்கோடு ஒன்றாவது கையில் இருந்தது. முப்பத்தைந்து வயதில் அவன் எப்படி இருப்பான் என்பதற்கு என்னிடமும் ஒன்றுமில்லை, அந்த அம்மாவிடமும் ஒன்றுமில்லை. மாமாவின் மகனுடைய செயலிக்குக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் ஒரு முப்பத்தைந்து வயது ஆண் வருவான். தாடியோடும் வரலாம். “வயசு எனக்குப் போடத் தெரியாது அம்மா. இருக்கிறபடி வைக்கிறன்” என்று சொன்னேன். என்ன உடுப்பு என்று கேட்டேன். வேட்டி சேட் என்றார், பட்டு வேண்டாம் என்றார், அவன் பட்டு உடுக்கமாட்டான்.

இரண்டு நாள் எடுத்தது. பாஸ்போட் படத்தில் வெளிச்சம் நேரே முன்னிருந்து, கலியாணப் படத்தில் இடப்பக்கமிருந்து. வலது கன்னத்தைச் சிறிது கருமையாக்கினேன். அவன் நிழலை மணவறைப் படியில் விழுத்தினேன். அம்மா வந்து கதிரையில் இருந்து பார்த்தார். அழுவார் என்று உம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார். அவர் அழவில்லை. திரைக்குக் கிட்ட வந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவன் மூத்தவன், பிள்ளை. இப்ப தங்கச்சிக்குத் தம்பி மாதிரி நிக்கிறான்.”

அச்சுப் பிரதியை உறைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, வாப்பாவின் நிபந்தனைப்படி கோப்பை அழிக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். அழிக்காதே, அவன் வந்தபிறகு சரியான முகத்தை எடுத்து வைக்கலாம்தானே என்றார். வாப்பாவைப் பார்த்தேன். அவர் கடைப் பக்கம் திரும்பி நின்று தலையை மட்டும் ஆட்டினார். அவனுடைய தாளைத் தனியாகவே விட்டு, கோப்பை எக்ஸ்.சி.எவ். ஆகச் சேமித்து, ஒரு பென் ட்ரைவில் போட்டு அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். அதை மஞ்சள் துணியில் சுற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.